நான் வரையாமல் விட்ட பாதை

எங்கள் ஊரின் படத்தை வரைந்தவன் நான். எங்கள் பெண்கள் நடந்த பாதையை அதில் நான் வரையவில்லை. மறதியால் விடவில்லை, வெட்கத்தால் விட்டேன். பிஸ்மி சொல்லித் தொடங்குகிற எழுத்தில் மறைப்பு இருக்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாத்தளையிலிருந்து வடக்கே போகும் பெரிய ரோட்டில் அலுவிகாரையைத் தாண்டி இறங்கி, வயல் வரம்பால் ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர் வரும். முன்னால் வயல், பின்னால் மலைச்சரிவு, இடையில் ஒரே வரிசையாக வீடுகள். பள்ளிவாசல் கீழ் முனையில். அதற்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீடு வீடாக மிளகும் கொக்கோவும் வாங்கி, காயப் போட்டு, பட்டணத்துக்குக் கொண்டுபோய் விற்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் கிராம அபிவிருத்திச் சங்கம் தொடங்கியபோது என்னைக் காரியதரிசியாக்கினார்கள்.

ரோட்டு வேண்டும் என்று ஊரே ஒரே வாயாகக் கேட்ட காலம் அது. அதற்கு முந்திய மழையில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்து நாலு பேர் வரம்பால் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய ரோட்டை எட்டுவதற்குள் தாயும் பிள்ளையும் இறந்துபோனார்கள். அதே நாற்காலியில்தான் திரும்பக் கொண்டுவந்தோம். ஆகவே ரோட்டு வந்தது பிழை என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன். அல்லாஹ் அப்படிச் சொல்ல வைக்காமல் இருக்கட்டும்.

மாவட்ட அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலிருந்து அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். நல்ல சிங்கள மனிதர், தமிழும் பேசுவார். பள்ளிவாசல் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"ஊரு எப்படி மாறணும், எது மாறக் கூடாது, ரெண்டையும் நீங்களே சொல்லுங்க. படம் ஒன்னும் வரைஞ்சு தாங்க. ஹரித, சரியா நானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மாறக் கூடாதவற்றை நான் எழுதினேன். பள்ளிவாசல், அடக்கம் செய்யும் மையவாடி, ஊற்று, வயல். சாராயக் கடை வரக் கூடாது. ரோட்டு எந்தப் பக்கத்தால் வருவது என்பதில்தான் பேச்சு நீண்டது. வயல் பக்கம் வந்தால் பள்ளி மதிலும் எல்லோருடைய முன்வாசலும் உடைபடும்.

"முன்னால வந்தா எங்கட பொம்புளைங்க ஜன்னல் தொறக்க ஏலாது" என்றார் மூத்த ஹாஜியார். "மானம் மரியாதையோட இருந்த ஊரு இது. ரோட்டு பின்னால போகட்டும். பின்னால யாரு ஈக்கிறா? கோழியும் பூனையும்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்னால் யார் இருந்தார்கள் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வீடுகளின் பின்வளவுகள் ஊடாக, எரபது என்கிற முள்முருங்கை வேலிகளில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டு, மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை ஒரு பாதை போனது. ஊற்றுக்கும், ஓதப் போகவும், மணவீட்டுக்கும், மையித்து வீட்டுக்கும் பெண்கள் அந்த வழியால்தான் போய்வந்தார்கள். அதற்குப் பெயர் கிடையாது. "பின்னால போய்ட்டு வாறேன்" என்பார்கள், அவ்வளவுதான். ஆண்கள் அதில் நடப்பதில்லை. எனக்கு மீசை அரும்பிய பிறகு நான் கால் வைத்ததில்லை.

என் மனைவியின் ராத்தாவுக்கு, அதாவது என் மதினிக்கு, கண் தெரியாது. அம்மை வந்து சிறுவயதிலேயே போன கண். புருஷன் மவுத்தான பிறகு மகனோடு மேல் முனையில் இருந்தார். லுஹாத் தொழுதுவிட்டுக் காலையில் தனியாகப் புறப்பட்டு, அந்தப் பாதையால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கைத்தடி இல்லை, ஆள் துணை இல்லை. இடது கையால் வேலி மரங்களைத் தொட்டுக்கொண்டு வருவார். வழியில் பெண்கள் குரல் கொடுப்பார்கள். "மதினி, இன்டைக்கு நெல்லு காயப் போட்டீக்கி, கொஞ்சம் இங்கால வாங்க!" வரும் வழியில் நாலு வீட்டுக் கதையும் சேர்த்துக்கொண்டு வந்து, என் மனைவியோடு அடுப்படியில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் எனக்கு மிளகு காயும் முற்றம்வரை கேட்கும். வேறு எங்கே போவதென்றாலும் அவருக்கு யாராவது கை பிடிக்க வேண்டும். உலகத்தில் தானாக நடக்க அவருக்கு இருந்த ஒரே இடம் அது.

அன்று பள்ளி முற்றத்தில் பேசியது வீடுகளுக்குக் கேட்டிருக்கிறது. நான் பகல் சாப்பாட்டுக்குப் போனபோது மனைவி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"பின்னால ஈக்கிற கோழி சோறாக்கி வச்சிருக்கு. வந்து திங்கிறீங்களா?"

"அது ஒரு பகிடி, புள்ள."

"படத்துல எங்கட பாதைய போட்டீங்களா?"

"அதையெல்லாம் கடதாசியில போடுவாங்களா? கச்சேரியில எத்தனை ஆம்புளைங்க பார்ப்பாங்க. எங்கட பொம்புளைங்க எந்தப் பக்கத்தால போறாங்கன்னு ஊருக்கெல்லாம் காட்டச் சொல்றியா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் சொன்னது சரி என்றே நினைத்தேன். நான் தொழுகை விடாதவன். வீட்டுப் பெண்களின் மறைவைக் காப்பது என் கடமை என்று மனதார நம்பினேன்.

மூன்று நாள் இருந்து வரைந்தேன். மண்ணிறக் கடதாசியில் அடிமட்டம் வைத்து நீல மையால் வீடுகள், பச்சைப் பென்சிலால் வயல். பள்ளிவாசலைச் சிவப்பில் போட்டேன். உத்தியோகத்தர் பார்த்துவிட்டு, "நானா, பள்ளி மலையை விடப் பெருசா இருக்கே!" என்று சிரித்தார். பிறகு வீடுகளுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த கீற்றில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"இங்க ஒன்னுமே இல்லையா?"

"இல்லைங்க சேர்."

"அப்ப லேசு."

ரோட்டை அளந்து முளை அடிக்க ஓவசியரும் இரண்டு கூலியாட்களும் வருவதாகச் செய்தி வந்தது. அந்தப் பகல் பெண்கள் யாரும் பின்னால் போக வேண்டாம் என்று வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினோம். "ராத்தாவுக்கும் சொல்லிடு" என்றேன் மனைவியிடம். "பின்னால போகக் கூடாதுன்னா நான் எப்படிப் போய்ச் சொல்ற?" என்று கேட்டாள். நான் அவசரத்தில் கிளம்பிவிட்டேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பாதையில் நடந்தேன், அந்நிய ஆண்கள் மூன்று பேரோடு. மண் தரை சாணி போட்டு மெழுகியதுபோல் இறுகியிருந்தது. ஒரு பலாவில் கயிற்று ஊஞ்சல் கட்டியிருந்தது. உட்கார்ந்து பேசப் பலகை, பக்கத்துச் சிரட்டையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. வேலி மரங்களில் இடுப்பு உயரத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஒரு மரத்தில் மட்டுமல்ல, மரத்துக்கு மரம் அதே உயரத்தில். யாருடைய கை என்று எனக்கு உடனே விளங்கியது.

ஓவசியர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா மிதிபட்ட தரை. மாடு போற பாதையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பெண்கள் நடக்கிற பாதை, இதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தள்ளிப் போட்டிருப்பார். மலைப்பக்கம் இடம் இருந்தது. கூலியாட்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேச என் நாக்கு எழவில்லை.

"ஓம், மாடு போகும்" என்றேன்.

முளையை அடித்தார்கள். அன்று மதினி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. யாராவது செய்தி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டு வெட்டும் சிரமதானத்துக்கு ஊரே இறங்கியது. பக்கத்துச் சிங்கள ஊரிலிருந்தும் மண்வெட்டியோடு வந்து உதவினார்கள். எரபது மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டோம். கல் போட்டு முடிந்ததும் பஸ் வந்தது, மர லொறி வந்தது. ஒரு வருஷத்துக்குள் ஊர் திரும்பி உட்கார்ந்துவிட்டது. பின்வளவாக இருந்த இடமெல்லாம் வாசலானது. தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை, தகரக் கொட்டில் என்று ஆளுக்கொன்று போட்டார்கள். நானும் மிளகு நிறுக்க ஒரு கொட்டில் போட்டேன். வளவுகளுக்கு நடுவில் முள்ளுக்கம்பி வந்தது. முன்னால் ரோட்டு வந்தால் ஜன்னல் திறக்க முடியாது என்று பயந்தோம். இப்போது பின்கதவும் திறக்க முடியவில்லை.

ரோட்டு திறந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில், வேலை நடந்த நாளெல்லாம் வீட்டுக்குள் இருந்த மதினி வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டிருக்கிறார். இடது கையை நீட்டி மரத்தைத் தேடியிருக்கிறார். மரம் இல்லை. தேடித் தேடி ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டார். கொட்டிலில் இருந்த நான் லொறி ஹோன் அடிக்கிற சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, முக்காடு நழுவி, அப்படியே நின்றார். லொறியிலிருந்து இறங்கிய ஒருவன் கையைப் பிடித்து ஓரமாக விட்டான். நல்லெண்ணத்தோடுதான் பிடித்தான். தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்த எவனோ சிரித்தான்.

எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்ததும் கிணற்றடியில் மதினி அந்தக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். என் மனைவி வாளியை வாங்கி வைக்கும்வரை கழுவினார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி நிர்வாகம் கூடியது. ஊர் மானம் போகிறது, பெண்கள் பகலில் ரோட்டில் தனியாக நடமாட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அறிவித்தல் எழுத ஆள் வேண்டும். அழகான கையெழுத்தில் எழுதிப் பள்ளிக் கதவில் ஒட்டினேன்.

"ராத்தாவ பார்க்கப் போகணும்" என்பாள் மனைவி.

"பொழுதுபட்டதும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க எழுதி ஒட்டினதுக்கு நீங்களே காவலா?"

பொழுதுபட்டால் எனக்கு மிளகு கட்ட வேண்டியிருக்கும். தினமும் என்றிருந்தது வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு பெருநாளைக்குப் பெருநாள். மதினி ஓர் அறைக்குள் சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அடுப்படிக்குப் போவதற்குக்கூட மருமகள் கை பிடிக்க வேண்டும். நடக்க மறந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

சில வருஷம் கழித்துக் கச்சேரியிலிருந்து புதுப் படம் ஒன்று கேட்டார்கள். ஊரில் இன்னும் என்ன செய்யலாம் என்று பார்க்கப் போகிறார்களாம். வீடுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பெண்களுக்கென்று ஒற்றையடிப் பாதை ஒன்றை அதில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. கூட்டத்தில் மெதுவாகச் சொன்னேன்.

"நல்ல யோசனை" என்றார் ஹாஜியார். "நெலம் யாரு குடுக்குற? ஒங்கட கொட்டில கழட்டுறீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சு வேறு பக்கம் போனது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பழைய பாதை எப்படிப் போனது என்றாவது படத்தில் ஒரு கோடு இருக்கட்டும் என்று கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மதினியிடம் போனேன். பாதை தெரிந்தவர் அவர்தானே.

"மதினி, அந்தப் பாதைய கொஞ்சம் சொல்லித் தாங்க. நான் எழுதிக்கொள்றேன்."

சுவரைப் பார்த்திருந்த முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு இடது கை தானாகக் கட்டிலிலிருந்து எழுந்தது.

"பின்வாசல்லருந்து பதினோரு எட்டு. பலா வேரு. கால தூக்கி வைக்கணும். பொறகு மொதலாவது தொறப்பு. அங்க கோழிக்கூடு மணக்கும், வலப்பக்கம் ஒதுங்கணும். இருபது எட்டுல ரெண்டாவது தொறப்பு. அங்க துவைக்கிற கல்லு, ஈரமா ஈக்கும். மூனாவது தொறப்புல ஊஞ்சல். கயித்த கையால புடிச்சு நிறுத்திட்டுப் போகணும், இல்லாட்டி நெத்தியில அடிக்கும்..."

சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"நாலாவது தொறப்பு. அங்க எரபது ரெண்டு ஒன்னா நிக்கும்." கை அந்தரத்தில் நின்றது. "அங்க நின்டுதான் மச்சான், நீங்க மாடு போகும்னு சொன்னது எனக்குக் கேட்டிச்சி. வேலிக்கு இங்கால ஒளிஞ்சி நின்டேன். ஆம்புளைங்க போறவரைக்கும் மூச்சு விடல்ல. பொறகு திரும்பிட்டேன்."

"அதுக்கு அங்கால, ராத்தா?" என்று என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

"அதுக்கு அங்கால ஞாபகமில்ல, புள்ள."

எங்கள் வீடுவரை எத்தனை திறப்பு என்று வரும் வழியில் மனைவியைக் கேட்டேன். அவளுக்குத் தெரியும்.  "இனி என்னத்துக்கு?" என்றாள். நான் கொடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை. பாதியில் நிற்கிற கோட்டை யாருக்குக் காட்டுவது?

அடுத்த மழைக்கு மதினி மவுத்தானார். மையித்து வைத்த சந்தூக்கை அந்த ரோட்டால்தான் கொண்டுவந்தோம், மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை, எங்கள் வீட்டைத் தாண்டி. முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ரோட்டைப் பார்த்த வாசலில் என் மனைவி முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

மையவாடியில் எல்லோரும் ஓதினார்கள். எத்தனையோ வருஷமாக மனப்பாடமாயிருந்த யாஸீன் எனக்கு அன்று வரவில்லை. பதினோரு எட்டு, பலா வேர், கோழிக்கூடு, துவைக்கிற கல், ஊஞ்சல், ஒன்றாக நிற்கும் இரண்டு எரபது. இவ்வளவுதான் வந்தது. இன்றும் மதினிக்காகக் கையேந்தினால் அதுதான் வருகிறது. அதற்கு அங்கால் எனக்குத் தெரியாது.