பழைய ஒயின் வாங்கிய ஆவணி

என் கணவர் யுத்தத்திலிருந்து திரும்பியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். போகுமுன், கே.ஜி.கண்டிகைப் பக்கம் தன் ஊர்ப் பனந்தோப்பில் எப்போதாவது காலைக் கள் குடித்ததோடு சரி. வந்த பிறகு பொழுது சாய்ந்தால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. அரக்கோணத்தில் ஒருவரின் லாரியை ஓட்டினார். வேலை முடிந்தால் சாராயக் கடை. யுத்த காலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். திருத்தணியில் எங்கள் தெரு திரும்பியதுமே ஒரு கடை இருந்தது.

ஆனாலும் என்னிடம் அவருக்கு வெட்கம் இருந்தது. பின்வாசல் வழியாக வருவார். கிணற்றடியில் வாய் கொப்பளிப்பார், கொய்யா இலையை மெல்லுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் அப்பா, நைனா, அம்மையார்குப்பத்தில் தறி நெய்தவர். எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் வழி விடுவார்கள். வழி விட்டுவிட்டு, “டீச்சரம்மா, நேத்து ராத்திரி வூட்டுக்காரரு வூடு வந்துட்டாருங்களா?” என்று கேட்பார்கள். “வந்துட்டார்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தே நடப்பேன்.

அவர் குடியை விடுவார் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது. ஒரே ஒரு சாயங்காலம் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பர்மாவில் என்ன பார்த்தார் என்று சொன்னாலும் சரி, கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னாலும் சரி.

ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, எங்கள் தலைமையாசிரியையின் வீட்டுக்கு ஒருநாள் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அவர் வெள்ளைக்கார அம்மாள். அன்று அவர்களுடைய கல்யாண நாளாம். அவரும் அவர் கணவரும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல வருடங்களாகப் படுக்கவைத்துப் பாதுகாத்த பாட்டில் என்று அந்த அம்மாள் பெருமையாகக் காட்டினார். அந்தத் துரை ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாக மனைவியின் தட்டில் வைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சிரித்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாண நாள் என்று யாரும் கொண்டாடுவதில்லை. எங்களுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்த ஆவணி வந்தபோது, ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்து ஊர் காலியாக இருந்தது. சனிக்கிழமை ரயிலேறி அரக்கோணம் போனேன். ரயில்வே துரைமார்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று ஸ்டேஷன் பக்கம் உண்டு.

“ஒயின் வேணும். பழசா.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “புள்ள பெத்தவங்களுக்காம்மா? அதுக்குன்னா டானிக் ஒயின் இருக்குது.”

“மருந்துக்கில்லை. கல்யாண நாளுக்கு.”

“ஆங்! எந்தத் தொர வூட்டுக்குங்க?”

“என் வீட்டுக்கு.”

அவர் ஏணி போட்டு ஏறினார். மூன்று பாட்டில்களை இறக்கி வைத்தார். ஒன்று பளபளவென்று புதுச் சீட்டு ஒட்டியது. “இத்த எடுத்துக்கோங்க, இப்பதான் வந்துச்சு” என்றார். இன்னொன்று போர்ட் ஒயின். மூன்றாவது மேல்தட்டில் தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்காக நிற்கவைத்தபடியே இருந்த பாட்டில். சண்டைக்கு முன்னால் யாரோ ஒரு துரை கேட்டு வரவழைத்தது, அவர் சீமைக்குப் போய்விட்டார் என்றார். தூசியை முந்தானையால் துடைத்து, கடையில் நின்ற எல்லோர் எதிரிலும் சீட்டை இங்கிலீஷில் வாய்விட்டுப் படித்தேன். அதில் அச்சிட்டிருந்தது நைனா என்னைப் பள்ளியில் சேர்த்த வருடம். அதையே கேட்டேன்.

“அத்தயா? கெட்டுப் போயிருந்தா என்னாண்ட வரக் கூடாதும்மா.”

“இது பழசாகப் பழசாகத்தான் நல்லா இருக்கும்” என்றேன். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

கல்யாண நாளன்று என் கணவர் சாராயக் கடைப்பக்கம் போகுமுன் தெருமுனையிலேயே நின்று கூப்பிட்டேன். “வாங்க பாவா, வீட்டுல ஒண்ணு வெச்சிருக்கேன்.” வந்தார். கூடத்தில் பாய் விரித்து, இரண்டு கண்ணாடித் தம்ளர், ஒரு தட்டில் சாத்துக்குடி வைத்திருந்தேன். பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாது இது?”

“ஒயின். இன்னைக்கு நம்ம கல்யாண நாள். உக்காருங்க.”

உட்கார்ந்தார். எனக்கு எதிரே. தக்கையை இழுக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், அது பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. “தக்கையே மக்கிப் போச்சே டீச்சரம்மா.” முந்தானையில் வடிகட்டி ஊற்றினேன். எத்தனை வருடத்துச் சரக்கு என்று சொன்னேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. எழுந்துபோய் முற்றத்தில் துப்பினார். பிறகு சிரித்தார். யுத்தத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஏமாத்திட்டான் உன்னிய. காத்தால எறக்குன கள்ளு தித்திக்கும், சாயங்காலம் புளிக்கும். இது எத்தினி வருசத்துச் சாயங்காலம்மே? எங்க தோப்புல மாடு மேய்க்கிறவன் கூட சொல்லுவான். இத்த உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கலியா?”

“இது கள் இல்லை பாவா. பழசுதான் ஒசத்தி.”

“அப்ப நீ குடி, பாப்பம்.”

என் தம்ளரைக் கடைசிவரை குடித்தேன். தொண்டை எரிந்தது. “நல்லா இருக்குது” என்றேன். அது உண்மையிலேயே கெட்டுப்போனதா, ஒயின் என்றால் அப்படித்தான் இருக்குமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“நல்லா இருந்தா நீயே வெச்சுக்கோ” என்று சட்டையை மாட்டினார். “இன்னைக்கு ஒரு நாள் இருங்க” என்றேன். நான் அப்படிக் கெஞ்சுவேன் என்று எனக்கே தெரியாது. சாத்துக்குடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று மறுநாள் பள்ளிக்குப் போகும்போதே தெரிந்துவிட்டது. வழி விட்டவர்கள் யாரும் அன்று ‘வூட்டுக்காரரு வந்துட்டாருங்களா’ என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முன்வாசல் வழியாக வந்தார். கையில் சாராய பாட்டில். கூடத்தில் வைத்து, முந்தின நாள் நான் எடுத்துக் கொடுத்த அதே தம்ளரில் ஊற்றினார்.

“வீட்டுலயா?” என்றேன்.

“நீயே ஊத்திக் குடுத்தவதானே. இனிமே எதுக்கு நான் வெளிய நின்னுகினு கெடக்கணும்?”

அதில் கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. கிணற்றடியில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேனே, அப்போதெல்லாம் அவர் வெட்கப்படுகிற அளவுக்கு நான் அவருக்கு ஒரு ஆளாக இருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.

சில நாளில் மதுவிலக்கு திரும்பவும் வந்தது. கடையை மூடினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். இப்போது ராத்திரிகளில் அவருடைய கூட்டாளிகள் இருவர் கள்ளச்சாராயக் கேன்களைக் கொண்டுவந்து எங்கள் விறகறையில் வைக்கிறார்கள். “டீச்சரம்மா வூட்ட எந்தப் போலீசுக்காரன் தொறந்து பாக்கப் போறான்?” என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னவர் என் கணவர். அது சரிதான். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. நேற்று எதிரே வந்த ஏட்டு சைக்கிளை விட்டு இறங்கி எனக்கு வணக்கம் சொன்னார்.