நன்மை எடுக்காத ஏழு மாதம்

பள்ளிமுனையில் நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் கட்டவில்லை, தாய் தகப்பன் போய்விட்டார்கள், தங்கச்சி கனடாவில். ஆஸ்பத்திரியில் தாதியாக நாள் முழுக்க ஆட்களோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான் எனக்கும் ஊருக்கும் உள்ள தொடுப்பு. அதனாலேயே பூசையில் யார் என்ன செய்கிறார் என்று பார்க்கிற கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு.

என் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஓர் அக்கா பூசைக்கு எனக்குப் பக்கத்தில், என் வாங்கில்தான் இருப்பார். புருஷன் கட்டாரில், பிள்ளைகள் இல்லை. தவக்காலத்தோடு அவர் நன்மை எடுப்பதை நிறுத்திவிட்டார். நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்க எல்லோரும் எழுந்து பீடத்தடிக்குப் போக, அவர் மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தார். எங்கள் ஊரில் அப்படி இருந்தால் ஏதோ பெரிய பாவம் செய்திருக்கிறார் என்று அர்த்தம். புருஷன் ஊரில் இல்லாத வீடு வேறு. கதை கட்டக் கேட்கவா வேண்டும்? நானும் நம்பினேன். ஒரு ஞாயிறு இரண்டு வாங்கு தள்ளிப் போய் இருந்துகொண்டேன். அவர் அதைக் கண்டார்.

ஐந்து மாதம் கழித்து, இரத்தத்தில் சீனி ஏறி, ஆஸ்பத்திரியில் என்னுடைய விடுதியிலேயே வந்து படுத்தார். சீனி வருத்தக்காரருக்கு வாயையும் பார்த்துக் குறிக்க வேண்டும். நான் கையுறையைப் போட்டதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மணக்கும் மிஸ்ஸி."

"எனக்கு இதுதானே வேலை. திறவுங்கோ அக்கா."

டோர்ச்சை அடித்து உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்கின் அடி என்று பார்த்துக்கொண்டு பல்லைச் சுற்றிய முரசுக்கு வந்தேன். முரசு வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. பல்லடியில் அழுக்குப் படிந்து கல்லாக இறுகியிருந்தது. துணித்துண்டால் மெல்லத்தான் தொட்டேன், இரத்தம் கசிந்தது. கீழ்ப்பல் இரண்டு ஆடின.

"எப்ப தொடக்கம் இரத்தம் வருது?"

"தவக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி. தீட்டினா வருது எண்டு பிரஷை விட்டிட்டன். விரலாலதான் தேய்க்கிறன்." பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "சின்னனில ஞானோபதேச வகுப்பில சொல்லித் தந்தவை, நன்மை பல்லில படக் கூடாது எண்டு. பல்லிலயே படக் கூடாதெண்டா, இரத்தத்தில படலாமோ மிஸ்ஸி? அதுதான் போறேல்ல."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தாளில் குறிப்பதைப் போலக் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு தாதியாகவே பேசினேன். பிரஷை விட்டதால்தான் முரசு இன்னும் கெட்டது, மென்மையான பிரஷால் இரண்டு நேரமும் தீட்ட வேண்டும், சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு ஆறாது என்றேன். பல் வைத்தியரிடம் கல்லை எடுக்கத் துண்டு எழுதுவித்தேன். நன்மையைப் பற்றிச் பங்குச் சுவாமியைக் கேளுங்கோ, அவர் தடுக்க மாட்டார் என்றேன்.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. வெக்கம்," என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். நோயாளியிடம் கண்டதை வெளியில் சொல்வதும் முறையல்ல.

இரண்டு மாதத்தில் முரசு வற்றி இறுகிவிட்டது. அந்த ஞாயிறு அவர் எழுந்து வரிசையில் போய் நன்மை எடுத்தார். எனக்குக் கண் கலங்கியது. திரும்பி வரும்போது என் பக்கத்தில் இருப்பார் என்று வாங்கில் தள்ளி இடம் விட்டேன். அவர் கடந்து போய்க் கடைசி வாங்கில் இருந்தார்.

முன்னாலிருந்த பெண் என் பக்கம் சாய்ந்து, "ஒருமாதிரிப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டா போல," என்றாள்.

பூசை முடிந்ததும் அவரைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"அக்கா, பிழையாக் கதைக்கினம். முரசு வருத்தமெண்டு நான் சொல்லட்டோ?"

அவர் நின்றார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"நீங்கள் எனக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள். உங்களுக்கே என்ரை வாயைப் பாத்தாப் பிறகுதானே நம்பிக்கை வந்தது. இனி ஊரில உள்ள எல்லாருக்கும் திறந்து காட்டவோ?"

 அவர் எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கைக்குள் திரும்பினார். அவர் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித்தான் என்னுடையது. கூட நடக்கட்டோ என்று கேட்கத் துணிவில்லாமல், அவர் வீட்டுக் கேற்றைச் சாத்தும்வரை சந்தியிலேயே நின்றேன்.