ஆறு பொட்டு மருந்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்னைக்குத் தேனியில அந்த லேப்ல நான் சத்தம் போடாம இருந்திருந்தா, அதப் பாத்திருக்கவே மாட்டேன்.

என் மகளுக்கு அப்ப நாலு வயசு. உடம்பு அனலாக் கொதிச்சது. ஒண்ணுக்குப் போகையில எரியுதுன்னு கால மாத்தி மாத்தி வச்சு அழுதா. ரெண்டு வருசத்துல இது நாலாந்தடவை. வழக்கமா மெடிக்கல்ல கேட்டு வாங்குற அதே வெள்ளை மருந்துதான், பொடியில தண்ணி ஊத்திக் குலுக்குறது. முன்னயெல்லாம் மூணாம் நாளு காய்ச்சல் விட்டுரும். விட்டதும் பாட்டில மூடி பிரிட்ஜ் கதவுல சொருகிருவேன். அடுத்த தெருவுல எங்க ஓரகத்தி. அவ மகனுக்குச் சளின்னா எங்க மிச்சம் அங்க போகும், இவளுக்கு முடியலன்னா அவ வீட்டு மிச்சம் இங்க வரும். ஒரு சொட்டு வீணாக்கலன்னு ரெண்டு பேருக்கும் பெருமை வேற.

இந்தத் தடவை அஞ்சு நாளாகியும் காய்ச்சல் எறங்கல. தேனிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். டாக்டரம்மா அட்மிட் பண்ணச் சொன்னாக. "கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும்போல. எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு யூரின் கல்ச்சர்ல பாத்துருவோம்"னாக. குழாயத் தெறந்துவிட்டு, அந்தத் தண்ணிச் சத்தத்துல பிள்ளைய ஒண்ணுக்குப் போக வச்சு, டப்பாவுல புடிச்சுக் குடுத்தேன். ரெண்டு நாளு ஏதோ ஊசி போட்டாக. காய்ச்சல் அசையல.

மூணாம் நாளு காலையில லேபுக்குப் போயி, "ஒரு டப்பா ஒண்ணுக்கப் பாக்க இத்தன நாளா? என் பிள்ள அங்கன துவண்டு கெடக்குறா"ன்னு கத்திட்டேன். அங்க வேலை பாக்குற பொண்ணு கோவிக்கல. "உள்ள வாங்கக்கா, காட்டுறேன்"னுச்சு.

மூடி போட்ட சின்னத் தட்டு. அதுல ஆறு காகிதப் பொட்டு, ஒவ்வொண்ணும் ஒரு மருந்தாம். தட்டு பூரா பால்ல ஆடை படிஞ்சாப்புல வெளுப்பா இருந்தது, என் மக ஒண்ணுக்குல இருந்து வளந்த கிருமி. ரெண்டு பொட்டச் சுத்தி மட்டும் வளையமா, தொடச்சு விட்டாப்புல தெளிவு. அந்த மருந்துக்கிட்ட அது அண்டல. மத்த நாலையும் மதிக்கவே இல்ல. ஒரு பொட்டக் காட்டி, "நீங்க வீட்டுல குடுத்தது இதுதான்"னுச்சு அந்தப் பொண்ணு. அதோட விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி ஒட்டிக்கிட்டு நின்னது.

"அடிக்கடி அரைகுறையாக் குடுத்தா சாகுறது செத்துரும்க்கா, தாங்குறது தங்கிப் பெருகிரும்."

கண்ணுக்கே தெரியாத சீவன், மூளை கெடையாது, முழி கெடையாது. எம்புட்டுத் தெறமையாக் கத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்கு. அதுக்கு வாத்தியாரு நாந்தான். பயந்தேனா அசந்தேனான்னு இன்னைக்கும் சொல்லத் தெரியல, ரெண்டுந்தான்.

தெளிஞ்ச ரெண்டுல ஒண்ண ஊசியா ஆரம்பிச்சாக, பத்து நாளைக்கு. மூணாம் நாளே காய்ச்சல் விட்டு, இட்லி கேட்டுத் தின்னா. சாயங்காலம் நர்ஸ் ஊசியோட வரவும் கைய முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டு, "எனக்குத்தான் சரியாப் போச்சேம்மா, வேணாம்னு சொல்லு"ன்னா.

அவளுக்காக ஊரோட சண்டை போடுறவ நான். அன்னைக்கு வாயத் தெறக்கல. கைய இழுத்து நானே நீட்டிப் புடிச்சேன். அவ நர்ஸப் பாத்து அழுகல, என்னையப் பாத்துத்தான் அழுதா.