டிரஸ்ட்டா, கம்பெனியா

எங்கள் இணையதளத்துக்குப் பெயர் வைக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அதை டிரஸ்ட்டாக நடத்துவதா கம்பெனியாக நடத்துவதா என்று முடிவு செய்வதற்குள் எங்கள் சிநேகிதமே முடிந்துபோனது.

நான் குடியாத்தத்து லுங்கித் தறிக்காரர் வீட்டுப் பெண். என் தோழி மேல்விஷாரத்துக்காரி. கல்லூரியில் ஒரே பெஞ்ச், பிறகு ஆம்பூர் ஷூ பாக்டரி ஆபீஸில் பக்கத்து மேஜை. ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் தைத்துக்கொடுக்கும் பெண்களுக்கு வேலை தரகர் வழியாகத்தான் வரும். கூலியில் பெரும்பங்கு அவரிடமே நின்றுவிடும். பெண்களும் பாக்டரிகளும் போனிலேயே நேராகப் பேசிக்கொள்ள ஒரு தளம் செய்தோம், அதற்காக வேலையையும் விட்டோம். எனக்கு அவளைவிட நெருக்கமானவர் யாரும் அப்போது இல்லை. இப்போதும் இல்லை.

கம்பெனியாகப் பதிந்து சின்னதாக ஒரு கட்டணம் வாங்கலாம் என்றேன். டிரஸ்ட்தான் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா, இன்றைக்குக் கட்டணம் வாங்கினால் நாளைக்கு நாமே தரகர் என்றாள். நீ சொர்க்கத்துக்கு டிக்கெட் போடு, நான் கரண்ட் பில் கட்டுகிறேன் என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள், இறங்கி வர மாட்டாள். கடைசியில் தைக்கிறவர்களையே கேட்போம் என்று ஆம்பூரில் ஓர் அக்கா வீட்டில் கூடினோம். எங்களை நம்பி முதலில் சேர்ந்தவர் அவர்தான்.

இது டிரஸ்ட், யாரும் எதுவும் தரவேண்டாம் என்று என் தோழி சந்தோஷமாகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் டிரஸ்ட் என்றால் ஜகாத் நினைவுதான் வரும். வசதியுள்ளவர்கள் ஏழைகளுக்கென்று ஒதுக்கித் தரும் பணம். அவளுக்கு அது நல்ல வார்த்தை.

அந்த அக்கா தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தார்.

"நாங்க தச்சி சாப்பிடறோம்மா. ஜகாத் வாங்கற வீடுன்னு பேர் வந்துட்டா என் பொண்ண யார் கேட்டு வருவாங்க? கட்டணம் இன்னான்னு சொல்லு, கட்டிட்டுப் போறோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்தேன், உருவிக்கொண்டாள்.

திரும்பும்போது, வேலூர் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் சொன்னாள்.

"நான் காலேஜ் படிச்சதே ஜகாத்துலதான்டி. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது கேவலமா தெரியல."

ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அக்கா உன்னைச் சொல்லவில்லை என்றேன். தெரியும் என்றாள். கம்பெனியை உன் பேரிலேயே போட்டுக்கொள் என்றும் சொன்னாள். கெஞ்சினேன், திட்டினேன், மேல்விஷாரத்துக்குப் போய் அவள் வீட்டில் காத்துக் கிடந்தேன். அவள் அம்மா டீ கொடுத்தார். அவள் அறையைவிட்டு வரவே இல்லை. கொஞ்ச நாளில் சென்னையில் வேலை பார்க்கப் போய்விட்டாள்.

கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. பெண்கள் 'நம்ம கம்பெனி' என்று சொல்லும்போது பெருமையாக இருக்கிறது. கேட்க அவள் இல்லை.

போன மாதம் அந்த அக்காவின் மகளுக்கு நிக்காஹ். அன்றைக்கு உன்னோடு வந்த இன்னொரு பாப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றார். சென்னைக்குப் போன் செய்தேன்.

"நான் வரலடி. அக்காவுக்கு என் சலாம் சொல்லு. நான் எப்படிப் படிச்சேன்னு மட்டும் சொல்லிடாத."

பந்தியில் அக்கா என்னை மாப்பிள்ளை வீட்டாரோடு உட்காரவைத்தார். சலாமை மட்டும் சொன்னேன்.