ஏரிக்கரையில் நின்ற செவலை

எங்கள் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம், நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் தேடிப் புறப்பட்டோம். திண்டிவனம் ரோட்டைத் தாண்டி ஏரிக்கரையில் ஏறியதும் அவர் பிரேக் போட்டார்.

"தோ பாரு, நிக்குது நம்மளுது."

தூரத்தில் வேலிக்காத்தான் முள்புதர் ஓரமாக ஒரு செவலை மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம்.

"ஏங்க, நம்மளுதுக்குக் கொம்பு இன்னும் வளைஞ்சிருக்கும் இல்ல?"

"இங்கேர்ந்து பாத்தா அப்டித்தான் தெரியும். நூத்துக்கு நூறு நம்ம மாடுதான்."

மூக்குக் கண்ணாடியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அவர் 'நூத்துக்கு நூறு' என்பார், நான் 'இருக்கும் இல்ல' என்பேன். சேலை நீலமா பச்சையா, வர்ற பஸ் விழுப்புரமா வானூரா, எல்லாமே எங்களுக்குள் இப்படித்தான் முடிவாகும்.

கிட்டே போய் அதன் கயிற்றைப் பிடித்தார். "கயிறு முழுசா இருக்குதே" என்றேன்.

"எவனாவது புதுசா கட்டியிருப்பான்."

எரிச்சல் என்னவென்றால், கிட்டே நின்று பார்க்கப் பார்க்க எனக்கும் அது எங்கள் மாடாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. அது வர மறுத்தது. பயந்து போயிருக்கிறது என்று அவர் இழுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார்.

"என் மாட்ட எங்க ஓட்டிக்கினு போறீங்க?"

"இது எங்க மாடும்மா" என்ற அவர், என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு."

வெளியாள் எதிரில் என்ன செய்வது? "ஆமாங்க, எங்களுதுதான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்த அம்மா வாதாடவில்லை. நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தார். மாடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் தோளை நக்கியது.

"இதுக்கு மேல இன்னா பேசணும்?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தோம்.

வழியில் அவர் ஆரம்பித்தார். "நீயுந்தான சொன்ன, நம்மளுதுன்னு."

"நான் கொம்ப சொன்னேன், கயித்த சொன்னேன்!"

"சொன்ன. உறுதியா சொன்னியா?"

வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

எங்கள் தெரு முனை ரைஸ்மில் பின்னால் தவிட்டுச் சாக்கை மோந்துகொண்டு ஒரு செவலை நின்றது. அவர் வண்டியை மெதுவாக்கினார். "அது... நம்மளுதா?"

இறங்கிப் போய், அறுந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தேன். பேசாமல் கூடவே வந்தது. பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவர், எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நான்தான் மொதல்ல பாத்தேன்."