பெயர் சொல்லாத வர்ணனையாளர்

காற்று இரையாமல் இருக்க மாமா ஒலிவாங்கியின் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டுவார். லண்டனில் பழைய மாணவர் சங்கங்கள் கோடைக்கு நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி அது. மைதானத்து ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் வலது காலை நீட்டியபடி மாமா. முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவர் அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியின் சென்டர் போர்வேட். இறுதியாட்டம் முடிந்தால் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போவார்களாம். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, வெம்பிளியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கினார். பெற்றோல் நிலையத்தில் வேலை. கோடை வந்தால் பூட்ஸைத் துடைத்து எடுத்துவிடுவார். இங்கேயும் இரண்டு கோடைதான் விளையாடினார். மூன்றாவதில் முழங்கால் திரும்பிவிட்டது. இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, அம்மா போட்ட தேநீரைக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.

அடுத்த கோடையில், வீட்டில் இருந்து மனம் நோகவேண்டாம் என்று யாரோ ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு அவருக்குத் தன் இரண்டாவது ஆட்டம் கிடைத்தது. மைதானத்தில் நின்ற ஒவ்வொருவரின் குடும்பத்தையும் அவர் அறிந்திருந்தார். "பந்து இப்ப சுன்னாகத்துத் தபால்காரற்ர மோனிட்டை. அவர் தட்டிவிடுறார் சங்கக்கடை மனேஜற்ர மருமோனுக்கு. அட, விட்டிட்டியே ராசா!" என்று அவர் சொல்லச் சொல்ல, ரோல்ஸ் பொரித்து விற்றுக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சட்டியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கவுன்சில் வீடுகளிலும் ஷிப்ட் வேலைகளிலும் யாரென்று தெரியாமல் கிடந்த மனிதர்கள், அந்தத் தொண்ணூறு நிமிடமும் இன்னாரின் பிள்ளைகளாக ஓடினார்கள். அதுதான் அவருடைய கலை. அதுவே வினையானது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு போட்டி. தாடி வைத்த ஒருவர் வேறொரு சங்கத்துக்காக விளையாடினார். பட்டியலில் இருந்த பெயர் மாமாவுக்குப் பழக்கமில்லாதது. ஆட்டம் முடியும் நேரம் அவருக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. பந்துக்குப் பக்கவாட்டில் இரண்டு குட்டி எட்டு வைத்து, இடது காலின் வெளிப்புறத்தால் அடித்தார். பந்து வளைந்து உள்ளே போனது. மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தக் காலை அவருக்குத் தெரியும். கல்லூரியில் அவருக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த விங்கர். மாமாவைத் தோளில் ஏற்றிய கோல்களில் பாதி அந்தக் கால் தூக்கிக் கொடுத்தவை.

"ஐயோ, இது எங்கட ஆள்! இந்தக் காலை நான் மறப்பனோ!" என்று கத்திய மாமா, அவருடைய முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

விங்கர் கையைத் தூக்கவில்லை. மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தார். மாமாவுக்கு விளங்கவில்லை. "வெக்கப்படுறார், கை தட்டுங்கோ!" என்றார். எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன்.

அன்று வீட்டில் அம்மாதான் சொன்னார். "தம்பி, உனக்கென்ன விசரா? அந்தப் பிள்ளை வேற பேரிலயெல்லோ அகதிக் கேஸ் போட்டிருக்கு. ஊரெல்லாம் கேக்கச் சொல்லிப்போட்டாய்." சோற்றுக் கோப்பையில் இருந்த மாமாவின் கை அப்படியே நின்றது.

சில வாரம் கழித்து, விங்கர் வேலை செய்த கடைக்குக் குடிவரவு அதிகாரிகள் வந்தார்கள். அவருடைய உண்மையான பெயரைச் சொல்லியே கூப்பிட்டு, பிடித்துக்கொண்டு போனார்களாம். அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியால்தான் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. மாமாவுக்கு அந்தச் சந்தேகத்தின் பலன் வேண்டியிருக்கவில்லை. தடுப்பு முகாமுக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். பார்க்க விருப்பமில்லை என்று விங்கர் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த கிழமையும் போனார். அதே பதில். பிறகு, சொந்தப் பெயரில் முதலில் வந்திறங்கிய பிரான்சுக்கே விங்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் மாமா ஒலிவாங்கியைத் தொடமாட்டார் என்றுதான் நினைத்தோம். தொட்டார். ஆனால் பெயர்கள் போய்விட்டன. "நீலச் சட்டை ஏழு, வெள்ளைச் சட்டை மூண்டைத் தாண்டிப் போறார்" என்பதோடு சரி. லண்டனில் தமிழ் வானொலி ஒன்று தொடங்கியபோது விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் ஓடும் ஆங்கிலக் கழகங்களின் ஆட்டத்தைப் பார்த்துத் தமிழில் வர்ணிப்பார். உலகமே அறிந்த வீரர்களைக்கூட இலக்கத்தால்தான் சொன்னார். "அண்ணை, அவையின்ர பேரைச் சொன்னா என்ன?" என்று நிலையத்துக்காரர் சண்டை பிடித்துப் பார்த்தார். நடக்கவில்லை. நேயர்களோ அதைப் புதுப் பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். தெற்கு லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைகள் அவரைப்போல இலக்கம் சொல்லி நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். மாமா எழுந்து வெளியே போனார்.

பல்கலைக்கழகம் முடிந்த காலத்தில் நான் அந்த வானொலி நிலையத்தில் ஒலிக் கட்டுப்பாடு பார்த்தேன். ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் இடைவேளையில், வழக்கம்போல நேயர் அழைப்பை இணைத்தேன்.

"அண்ணை, பாரிசிலயிருந்து கதைக்கிறன். என்ர குரல் தெரியுதோ?"

மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் யாரென்று எனக்கும் விளங்கிவிட்டது. என் விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானில் இருந்தது. வேண்டாம் என்று மாமா தலையசைத்தார்.

"தெரியுது," என்றார்.

"எனக்கு இஞ்ச அகதிக் காட் கிடைச்சிட்டுது, அண்ணை. என்ர சொந்தப் பேரில."

"நான் உமக்குச் செய்தது…"

"அதைப் பற்றிக் கதைக்க நான் எடுக்கேல்லை. பிழை செய்யேல்லை எண்டு சொல்லவும் மாட்டன். என்ர அம்மா ஊரில செத்தபோது நான் பேரில்லாமத்தான் இருந்தனான். இப்ப சொல்லுங்கோ. அண்டைக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ."

வானொலியில் மௌனம் என்பது பெரிய குற்றம். விளம்பரத்தைப் போடச் சொல்லி நிலையத்துக்காரர் கதவைத் தட்டினார். நான் போடவில்லை. மாமா மெதுவாக, முழுப்பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும் சொன்னார். மறுமுனையில் தொலைபேசி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

இரண்டாம் பாதி தொடங்கியது. "சிவப்புச் சட்டை ஒன்பது பந்தை உதைக்கிறார்," என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ ஆட்டங்களை வர்ணித்தார். ஒரு பெயரும் சொல்லவில்லை.