மேட்சிங் பாய் கடையைப் போனுக்கு மாற்றியது

மாரண்டஹள்ளியில் ஹயாத் பாஷா என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மேட்சிங் பாய் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் எவனும் கை காட்டுவான். ஜாக்கெட் துணி, லைனிங், சேலை ஃபால்ஸ், இவைதான் அவர் வியாபாரம். நான் பக்கத்துக் கடையில் குக்கர், மிக்சி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். அந்த மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் தொழில் முறை அப்படி. சேலையோடு யார் வந்தாலும் கடைக்குள் வைத்துக் கலர் பார்க்க மாட்டார். நாலு துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சேலை முந்தானையைக் கையில் பிடித்து, "வாங்கம்மா" என்று ரோட்டுக்கே இழுத்துப் போய்விடுவார். வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குக் கலர். வானம் மூடிக் கிடந்தால், "அப்புறமா வாங்க" என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்புவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அங்கே எடுத்த துணி சேரவில்லை என்று ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் கட்டடக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்று எல்லோரையும் காலி பண்ணச் சொன்னார். நான் காய்கறி மண்டி ஓரமாக ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்விட்டேன். பாய்க்கு இடம் அமையவில்லை. மச்சினன் இத்ரீஸ் ஓசூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். "மச்சான், ஜாக்கெட் செக்ஷனுக்கு ஆள் கேக்கறாங்க, வந்துடுங்க" என்று விடாமல் போன் பண்ணினான். சொந்தக் கடை வைத்திருந்தவர், இந்த வயதில் இன்னொருத்தன் கடையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்பதா? பாய்க்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மகள் உஸ்மாதான், "வூட்லயே வெச்சு வாட்சப்ல விக்கலாம்பா" என்றாள். அந்த முகூர்த்த சீசனில் வியாபாரம் தேறினால் போன், தேறாவிட்டால் ஓசூர். அப்படித்தான் முடிவானது.

துணியெல்லாம் வீட்டுக்கு வந்தது. பாய்க்கு வீடு தாங்கவில்லை. நடு ரூமில் நடப்பார், கொல்லைக்குப் போவார், வாசலுக்கு வருவார். என் கொட்டகைக்கு வந்து குக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். இடித்துப் போட்ட பழைய கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். போனில் ஒரு டிங் சத்தம் கேட்டால் போதும், ஓட்டம்.

ஒரு நாள் அவர் வீட்டு மிக்சியைக் கொடுக்கப் போனேன். பாய் நடுத்தெருவில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். தோளில் நாலு துணி.

"என்னா பாய், டவர் கெடைக்கலையா?"

"டவரா? கலரு பாக்கறேன்யா. தீர்த்தமலை பார்ட்டி. கல்யாண ஆர்டரு."

போனில் வந்த சேலைப் படத்தை வெயிலுக்குக் கொண்டு வந்து பார்க்கிறார்! உஸ்மா வாசலில் தலையில் கை வைத்து நின்றாள். "ண்ணா, நீங்களாவது சொல்லுங்க. போனை வெயில்ல காட்னா சேலை மேலயா வெயிலு படும்?"

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்" என்றார். துணியை வெட்டிப் பார்சல் போட்டாகிவிட்டது.

அந்தப் பார்ட்டி சசிகலா. அம்மா வீடு மாரண்டஹள்ளி, கட்டிக்கொடுத்தது தீர்த்தமலைப் பக்கம். ஊருக்கு வரும்போதெல்லாம் பாயிடம்தான் துணி எடுப்பாள். மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரப் பெண்கள் எல்லோருக்கும் ஜாக்கெட் துணி இவரிடமே சொல்லியிருந்தாள். அது நல்லபடி முடிந்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பேர் பரவும் என்று பாய் கணக்குப் போட்டிருந்தார்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "பாய், கண்ணாஸ்பத்திரி போனீங்களா?" என்றாள் சசிகலா. ஒன்றுகூடச் சேரவில்லை.

பாய் தீர்த்தமலைக்குத் துணி மூட்டை கட்டினார். அவர் மனைவி ஹாஜிரா என்னிடம் ஓடி வந்தார். "அவரு அங்க போயி வாய் வுட்டுருவாரு. கூடப் போங்கண்ணா." கொட்டகையைச் சாத்திவிட்டுப் போனேன். பாலக்கோடு, தர்மபுரி, அரூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். சீட் கிடைத்தும் மனுஷன் உட்காரவில்லை. மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தே வந்தார்.

சசிகலா வீட்டு வாசலில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் மாமியார் சின்னம்மாள் ஒரு துணியைத் தூக்கிக் காட்டினாள். "மாம்பழக் கலரு கேட்டா மஞ்சத்தூள அனுப்பியிருக்கியே பாய். இதுல கொழம்பு வெக்கறதா?"

பாய் சண்டைக்குப் போகவில்லை. எனக்கே ஆச்சரியம். சேலைகளை வெயிலில் விரிக்கச் சொன்னார். மூட்டையைப் பிரித்தார். மயில் கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கை பழையபடி பறந்தது. கூட்டம் அடங்கியது. இரண்டு சேலைக்கு மட்டும் மூட்டையில் துணி இல்லை. உஸ்மாவுக்கு வீடியோ போட்டார். அவள் வீட்டில் ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்ட, இவர் இங்கே, "அது இல்ல, அதுவும் இல்ல" என்று கத்த, எதுவும் நடக்கவில்லை.

சின்னம்மாள் கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்பாய், எல்லாக் கலர்லயும் இப்பிடி ஒவ்வொரு துண்டு அனுப்பி வுடு. நம்பர் போட்டு அனுப்பு. நாங்களே சேலைமேல வெச்சுப் பாத்து நம்பரச் சொல்லிட்டுப் போறோம். எதுக்கு நீ இம்மாந்தூரம் மூட்ட தூக்கற?"

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்களே பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?"

"துணி குடுக்கத்தான்" என்றாள் அவள். பெண்கள் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் தர்மபுரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாய், "கண்ணு என்னுதுய்யா. அதயும் குடுத்துட்டா நான் யாரு?" என்றார். பொரி வாங்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் மறுநாளே கத்தரியை எடுத்தார். எல்லாத் துணியிலும் விரல் அகலம் வெட்டி, அட்டையில் பின் அடித்து, உஸ்மாவை நம்பர் எழுதச் சொல்லி, தீர்த்தமலைக்கு அனுப்பினார். சசிகலாவிடமிருந்து இரண்டு நம்பர் வந்தது. சேலையைப் பார்க்காமல், வெறும் நம்பரைப் பார்த்துத் துணி வெட்டினார். அதற்கப்புறம் அவர் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை. என் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்பு அறுந்தது.

கடைசியில் நான் அவர் வீட்டில் இருந்தபோது படம் வந்தது. தைத்த ஜாக்கெட்டும் சேலையும் ஒன்றாக. பாய் பார்த்துவிட்டு, "போச்சு. சேரல" என்றார். "ஓசூருக்கே போறேன்."

உஸ்மா போனைப் பிடுங்கி, படத்தோடு சசிகலா பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் காட்டினாள். "பாய், அப்படியே ஒட்டிக்கிச்சு. என் நாத்தனாருங்களும் அட்டை கேக்கறாங்க, அனுப்பி வுடுங்க."

"படத்துல சேரலியே?"

"படத்துலதாம்பா சேரல. அவங்க கையில வெச்சிருக்கறது சேலைப்பா!"

பாய் படத்தைப் பெரிசு பண்ணினார், சின்னது பண்ணினார். எழுந்து வாசல் வரைக்கும் போனார். அங்கிருந்தே இத்ரீஸுக்குப் போன் போட்டார். "நான் வர்லப்பா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு." போனை வைத்துவிட்டு, "ஆனாலும் அது சேரல" என்றார் என்னிடம்.